வெள்ளை டேப்

குழு: நம்ம வீடு
டிசம்பர் 16

[மாலை 6:12] சித்தப்பா: இன்னிக்கு விஜய் திவஸ். 1971ல இதே நாள் டாக்காவுல பாகிஸ்தான் ஜெனரல் நியாஸி சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டார். 93,000 பேர் நம்மகிட்ட கைதியானாங்க. அப்பாவுக்கு எங்க எல்லாரோட சல்யூட் 🇮🇳

[மாலை 6:14] அத்தை: அப்பா 🙏🙏

[மாலை 6:15] தம்பி: தாத்தா, நீங்க டாக்காவுலயா இருந்தீங்க?

[மாலை 6:31] தாத்தா: இல்லப்பா. நான் மேற்குப் பக்கம். ஷகர்கர் செக்டர். பசந்தர்னு ஒரு ஆறு.

[மாலை 6:34] தாத்தா: அங்க கையெழுத்துப் போட்ட நேரத்துல இங்க டாங்கி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க பக்கம் சண்டை நின்னது 17ஆம் தேதி ராத்திரி 8 மணிக்கு.

[மாலை 6:35] அப்பா: அப்பா, பசந்தர்ங்கற பேரையே நீங்க வீட்ல சொன்னதில்லையே. எனக்கு 52 வயசு. இன்னிக்குத்தான் கேக்குறேன்.

[மாலை 6:36] தம்பி: நீங்க டாங்கி ஓட்டினீங்களா தாத்தா?

[மாலை 6:41] தாத்தா: டாங்கி போறதுக்கு வழி எடுத்துக் குடுக்கறவன். மெட்ராஸ் சாப்பர்ஸ், பட்டாளத்து இன்ஜினியர் பிரிவு. பட்டாளத்துல எங்க எல்லாருக்கும் ஒரே பேருதான், தம்பி. பஞ்சாபி ஆபீசர் கூட "ஏ தம்பி"ன்னுதான் கூப்பிடுவார். ட்ரெய்னிங் பெங்களூர்ல.

[மாலை 6:42] நான்: வழி எடுக்கறதுன்னா தாத்தா?

[மாலை 6:43] தாத்தா: சொல்றேன்மா. டைப் பண்ண லேட் ஆகும், பொறுத்துக்கோங்க.

[மாலை 6:58] தாத்தா: ஆத்துக்கு ரெண்டு பக்கமும் அவங்க கண்ணிவெடி புதைச்சு வச்சிருந்தாங்க. டாங்கிக் கண்ணி பெருசு, ஆள் நடந்தா வெடிக்காது, டாங்கியோட வெயிட்டுக்குத்தான் வெடிக்கும். அதை யாரும் வந்து எடுத்துடக் கூடாதுன்னு சுத்திலும் சின்னக் கண்ணி போட்டிருப்பான். அது ஆளுக்கு. மிதிச்சா கால் போயிடும்.

[மாலை 7:09] தாத்தா: குப்புறப் படுத்துக்கணும். கையில ஒரு இரும்புக் குச்சி. மண்ணுல நேராக் குத்தக் கூடாது, சாய்ச்சுக் குத்தணும், 30 டிகிரி. அப்பத்தான் கண்ணியோட விலாவுல இடிக்கும். மண்டையில இடிச்சா அவ்வளவுதான். ரெண்டு விரக்கடை தள்ளி மறுபடி ஒரு குத்து. அப்படியே ஊர்ந்துக்கிட்டே போகணும்.

[மாலை 7:13] தாத்தா: கல்லுல பட்டா குச்சி லேசா வழுக்கும். கண்ணியில பட்டா அப்படியே நிக்கும். இது விரல் நுனியில தெரியணும், கண்ணால பாத்துத் தெரியாது. டிசம்பர் குளிர், கை மரத்துப் போயிடும். கையுறை போட்டா ஒண்ணும் புரியாது. அதனால கையை அக்குள்ள வச்சு சூடு பண்ணிட்டு மறுபடி குத்துவோம்.

[மாலை 7:14] அண்ணி: ஐயோ தாத்தா.

[மாலை 7:15] தம்பி: மெஷின் இல்லையா?

[மாலை 7:19] தாத்தா: ட்ரால்னு ஒண்ணு இருந்துச்சு, டாங்கி முன்னால உருளை மாட்டி ஓட்டுறது. இருந்தாலும் கையால பாக்குற வேலை போகாது. கண்ணியை உடனே தூக்கவும் கூடாது. அடியில இன்னொண்ணு வச்சிருப்பான். கொக்கி மாட்டி, தூரமாப் போய்ப் படுத்துக்கிட்டு கயித்தால இழுக்கணும்.

[மாலை 7:24] தாத்தா: சுத்தம் பண்ணின வழிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை டேப் கட்டிக்கிட்டே போவோம். டேப்புக்கு உள்ள தைரியமா நடக்கலாம். வெளிய ஒரு அடி கூட வைக்கக் கூடாது.

[மாலை 7:26] அத்தை: அப்பா. கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறப்ப எங்களை உங்க கால் தடத்துலயே நடக்கச் சொல்வீங்களே. நாங்க விளையாட்டுன்னு நெனச்சோம். நான் வேணும்னே வெளிய குதிச்சப்ப ஒரு தடவை என் கையைப் புடிச்சு இழுத்துட்டீங்க. தோள் வலிச்சுது. நான் அழுதேன்.

[மாலை 7:30] தாத்தா: ஞாபகம் இருக்கும்மா. உங்கம்மா என்னை ரெண்டு நாள் பேசாமத் தண்டிச்சா.

[மாலை 7:32] அப்பா: அந்த ராத்திரி என்ன நடந்துச்சுப்பா? சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. முடியலைன்னா வேணாம்.

[மாலை 7:50] தாத்தா: 15ஆம் தேதி ராத்திரி. நம்ம காலாட்படை ஆத்தைத் தாண்டி அந்தக் கரையைப் புடிச்சிடுச்சு. 16 மெட்ராஸ்ங்கற பட்டாலியன் சராஜ் சக் ஊர்ப் பக்கம், 3 கிரெனடியர்ஸ் பட்டாலியன் ஜர்பால் ஊர்ப் பக்கம். ஆனா டாங்கி இன்னும் இந்தக் கரையிலதான். விடியறதுக்குள்ள டாங்கி போய்ச் சேரலைன்னா அவங்க பாட்டன் டாங்கி வந்து நம்மாளுங்களை மிதிச்சிட்டுப் போயிடும். அங்க படுத்திருந்ததுல பாதிப் பேர் நம்ம பாஷை பேசுறவங்க. அது எங்களுக்குத் தெரியும். அதனால வேகமா குத்தினோம். இந்த வேலையில வேகம் கூடாது.

[மாலை 7:57] தாத்தா: பாதி வழி கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள அந்தக் கரையிலருந்து, எதிரி டாங்கி வந்துட்டு இருக்குன்னு தகவல் வந்துச்சு. பூனா ஹார்ஸ்னு நம்ம டாங்கி ரெஜிமென்ட், அந்தக் காரங்க காத்திருக்க மாட்டோம்னுட்டாங்க. மிச்சக் கண்ணி மேலயே ஓட்டிட்டுப் போறோம்னு கிளம்பிட்டாங்க.

[மாலை 7:58] தம்பி: கண்ணி மேலயேவா??

[மாலை 8:04] தாத்தா: ஆமாம்பா. எங்களைத் தாண்டித்தான் போச்சு ஒவ்வொண்ணும். செஞ்சூரியன் டாங்கி. நான் தரையில படுத்திருக்கேன், நெஞ்சுக்குக் கீழ பூமி அதிருது. டேப் முடியுற இடத்தைத் தாண்டி முதல் டாங்கி போனப்ப நான் மூச்சு விடலை. வெடிக்கலை. அடுத்தது. வெடிக்கலை. எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு. நான் சாமி கும்புடுறவன் இல்ல, உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு யாரை வேண்டினேன்னு எனக்கே தெரியலை.

[மாலை 8:10] தாத்தா: மறுநாள் 16ஆம் தேதி, அதே ரெஜிமென்ட்ல செகண்ட் லெப்டினன்ட் அருண் கேதர்பால். வயசு 21. டாங்கி அடிபட்டுத் தீப்புடிச்சாச்சு, இறங்குன்னு வயர்லெஸ்ல சொல்றாங்க. துப்பாக்கி இன்னும் வேலை செய்யுதுன்னு சொல்லிட்டு அந்தப் பையன் சுட்டுக்கிட்டே இருந்தார். பரம்வீர் சக்ரா. அவர் டாங்கி போன வழியில நான் கட்டின டேப்பும் இருந்துச்சு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லணும்னு இன்னிக்குத் தோணுது.

[மாலை 8:12] சித்தப்பா: அப்பா நான் வருஷா வருஷம் இதே ஃபார்வர்டை அனுப்புறேன். நீங்க ஒரு தடவை கூடப் பதில் போட்டதில்ல. இப்பப் புரியுது. மன்னிச்சுடுங்க.

[மாலை 8:20] தாத்தா: உன் மேல கோபம் ஒண்ணும் இல்லடா. 16ஆம் தேதி ஊருக்கு வெற்றி. எனக்கு 15ஆம் தேதி ராத்திரிதான் வரும், அது விடியவே விடியாது. என் ஜோடி ஒருத்தன் இருந்தான். நான் குச்சி, அவன் டேப் ரீல். பெங்களூர்லருந்தே பக்கத்துப் படுக்கை.

[மாலை 8:33] தாத்தா: கண்ணியால இல்ல. நாங்க வழி எடுக்கறது தெரிஞ்சு பீரங்கியால அடிச்சாங்க. குண்டு கொஞ்சம் தள்ளித்தான் விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா அவன் அப்படியே குப்புறப் படுத்திருக்கான், வேலை செய்யுற மாதிரியே. கூப்பிட்டேன். ரீல் அவன் கையிலயே இருந்துச்சு. விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தேன். எடுத்துக்கிட்டு மேல ஊர்ந்து போயிட்டேன். பின்னால டாங்கி நிக்குது. அவன் பக்கத்துல ஒரு நிமிஷம் இருக்க முடியலை.

[மாலை 8:35] அத்தை: அப்பா…

[மாலை 8:35] அப்பா: நான் கிளம்பி வரேன்பா.

[மாலை 8:41] தாத்தா: இந்த நேரத்துல வண்டி எடுக்காதடா. நான் நல்லா இருக்கேன். காலையில வா.

[மாலை 8:43] நான்: அவர் பேரென்ன தாத்தா?

[மாலை 8:52] தாத்தா: இங்க வேணாம்மா. நீ வர்றப்ப நேர்ல சொல்றேன். அவன் அம்மா ரொம்ப வருஷம் எனக்கு லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பெட்டியில இருக்கு.

[மாலை 8:54] தம்பி: தாத்தா, ஒண்ணு கேக்கலாமா? டேப் கடைசி வரைக்கும் பத்துச்சா?

[இரவு 9:03] தாத்தா: நல்ல கேள்வி. பத்தலைப்பா. டாங்கி போன தடம் மண்ணுல ஆழமாப் பதிஞ்சிருந்துச்சு. மிச்ச தூரத்துக்கு அந்தத் தடத்துலயே நடந்தோம். அப்புறம்தான் வேற ரீல் வந்துச்சு, உட்கார்ந்து முழுசா கட்டி முடிச்சோம்.

[இரவு 9:05] தம்பி: நான் அப்பாகூட காலையில வரேன். எப்படிக் கட்டுவீங்கன்னு எனக்குக் காட்டுறீங்களா?

[இரவு 9:08] தாத்தா: வா. ஒரு நூல்கண்டு எடுத்துட்டு வா. வெள்ளையா இருக்கட்டும்.