ஜப்பானிய மொழி: சொல் மனப்பாடமாகிறது, வாயில் வருவதில்லை. மரபுத்தொடரும் பழமொழியும் எப்போது தொடங்கலாம்?

புதுமாணவி

என்-5 (ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலை, அடுத்தது என்-4) அளவுச் சொற்கள் கிட்டத்தட்ட 800 முடிந்தன. ஆங்கிலப் பொருள் போட்ட பட்டியலை வைத்துத்தான் படித்தேன். அட்டையைப் பார்த்தால் பொருள் தெரிகிறது, பேசும்போது சொல் வருவதில்லை. 'தெ இரு' என்று முடியும் வினைகள் ஆங்கிலத்தின் நிகழ்காலத் தொடர்வினை மாதிரி என்று பாடநூல் சொல்கிறது, பாதி இடங்களில் அது பொருந்தவில்லை. இன்னொரு சந்தேகம்: மரபுத்தொடர், பழமொழி எல்லாம் என்-4 முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா, இப்போதே தொடங்கலாமா? தொடங்கினால் எதில்?

திண்ணை

முதலில் அந்த ஆங்கிலப் பட்டியலை மூடி வையுங்கள். ஜப்பானிய வாக்கியம் தமிழ் வாக்கியம் போலவே வினையில் முடிகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. இடையில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தால் வாக்கியத்தை இரண்டு முறை தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். பேச்சு தடுமாறுவதற்கு அதுதான் பெரிய காரணம்.

துணைவினைகளைப் பாருங்கள். தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். மிரு தனியாக வந்தாலும் 'பார்'தான். கத்தெ ஒகு என்றால் வாங்கி வை. ஒகு தனியாக வந்தால் 'வை'. மொத்தெ குரு கொண்டு வா, மொத்தெ இகு கொண்டு போ. தபெதெ ஷிமத்த என்பது சாப்பிட்டுவிட்டேன். 'ஐயோ, சாப்பிட்டுத் தொலைத்துவிட்டேனே' என்ற தொனிகூட அதில் உண்டு.

தெ இரு குழப்பமும் இங்கேயே தீரும். கிதெ இரு என்பதை 'வந்துகொண்டிருக்கிறார்' என்று எடுத்தால் தவறு. அது 'வந்திருக்கிறார்', ஆள் ஏற்கெனவே வந்தாயிற்று. கெக்கொன் ஷிதெ இரு என்றால் கல்யாணம் ஆகியிருக்கிறது. தாலி கட்டிக்கொண்டிருக்கும் காட்சி அல்ல. வருவது, சாவது, மணப்பது, திறந்துகொள்வது போல ஒரு நொடியில் நிலை மாறும் வினைகளுக்குத் தமிழின் '-இருக்கிறது' வடிவத்தைப் போடுங்கள். சாப்பிடுவது, ஓடுவது, படிப்பது போல நீளும் வினைகளுக்குப் பெரும்பாலும் '-கொண்டிருக்கிறது' சரி. ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் தனியாக நெட்டுருப் போடுங்கள்: ஷித்தெ இரு என்றால் தெரியும், தெரியாது என்பதற்கு ஷிரனய். ஷித்தெ இனய் என்று சொன்னால் புதிதாகக் கற்பவர் என்று உடனே தெரிந்துவிடும்.

கொடுக்கல் வாங்கலுக்கும் நம்மிடம் ஒரு பழைய சாவி இருக்கிறது. தன்மை, முன்னிலைக்குத் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. ஜப்பானியத்தில் என் பக்கம் வந்தால் குரெரு, வெளியே போனால் அகெரு. ஆனால் கோடு விழும் இடம் வேறு. 'உனக்குத் தருகிறேன்' என்பதற்கும் அகெருதான். இன்னொன்று, மேலதிகாரியிடம் 'செய்து கொடுக்கிறேன்' என்ற பொருளில் தெ அகெரு போடாதீர்கள். உபகாரம் செய்வதுபோலத் தொனிக்கும்.

வாழ்த்து மொழியில் இத்தெகிமசு நேராக 'போயிட்டு வரேன்'தான். போ, வா இரண்டு வினையும் உள்ளே இருக்கின்றன. ஆனால் நாம் விருந்தாளியாகப் போன வீட்டிலும் போயிட்டு வரேன் என்போம், அவர்கள் சொல்வதில்லை. திரும்பி வரப்போகிற தன் இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் இத்தெகிமசு. அடுத்தவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒஜம ஷிமஷித, அதாவது 'தொந்தரவு கொடுத்துவிட்டேன்'.

மாத்திரைக் கணக்கு

திண்ணை சார் சொன்னது சரி. ஆனால் தமிழ் வழியாகப் படிப்பவர்கள் தமிழ் எழுத்திலேயே குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அங்கேதான் வினை. இந்தத் திரியில் வேறு வழியில்லாமல் தமிழில் எழுதுகிறோம், அடையாளத்துக்கு மட்டும். உங்கள் குறிப்பேட்டில் முதல் நாளிலிருந்தே ஹிரகானா, அதாவது ஜப்பானிய ஒலியெழுத்து, வேண்டும்.

ஏனென்றால் உயிருக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் வரும் வல்லினத்தை நம் நாக்கு தானாகவே மெலிதாக்கிவிடும். கெங்க என்ற சொல்லில் க-வை 'பக்கம்' என்பதில் வருவதுபோல் ஒலித்தால் சண்டை. நாம் 'தங்கம்' க-வைப் போட்டு அந்தச் சொல்லையே காணாமல் செய்துவிடுகிறோம். ககி என்று தமிழில் எழுதியதை 'பக்கம்' ககரமாகவே படித்தால் சீமைப் பனிச்சைப் பழம், இரண்டாவது ககரத்தைத் 'தங்கம்' ககரமாக்கினால் சாவி. வானிலையும் மின்சாரமும் (தெங்கி, டெங்கி) முதல் எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. பயிற்சி எளிது: வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடிக்காமல், தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். வல்லோசைக்கு அதிர்வு நிற்க வேண்டும், மெல்லோசைக்குத் தொடர வேண்டும். ஒரு நாளைக்கு பத்து இணைகள் போதும்.

நமக்குச் சாதகமானதையும் சொல்ல வேண்டும். குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே வந்தது. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. பிரு கட்டடம், பீரு மது. எ ஏ, ஒ ஓ வேறுபாடும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஒற்றில் கோட்டை விடுகிறோம். நம் இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை. அவர்களிடம் ஒற்றுக்கும் ன்-னுக்கும் முழுதாக ஒன்று. கித்தெ (அஞ்சல்தலை) மூன்று தட்டு: கி, த், தெ. ஷிம்புன் (செய்தித்தாள்) நான்கு: ஷி, ம், பு, ன். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். தட்டு குறைந்தால் கித்தெ 'கிதெ' ஆகிவிடும், அது 'வா' என்ற பொருள்.

இந்த வலி மெலி வேறுபாடு இரட்டைக்கிளவியில் இன்னும் முக்கியம். கிரகிர என்றால் நட்சத்திர மினுமினுப்பு. அதையே 'தங்கம்' ககரத்தில் சொன்னால் கண்ணைக் கூசும் வெயில். கொரொகொரொ கோலிக்குண்டு உருள்வது, மெல்லோசையில் பாறை உருள்வது அல்லது இடி. மெல்லோசை வந்தால் பெரிது, கனம், முரடு. இது தெரிந்தால் பாதிச் சொற்களை ஊகித்துவிடலாம். வாக்கியத்தில் சேர்ப்பதும் நமக்குக் கைவந்தது: பளபளவென்று என்பதில் 'என்று' வருகிற இடத்தில் அவர்களிடம் 'தொ' வரும், பிகபிக தொ. 'அவர் சொன்னார் என்று' என்பதற்கும் அதே தொ-தான்.

மருத்துவரிடம் போனால் இந்த வகைச் சொற்கள் இல்லாமல் காரியம் நடக்காது. விண்விண்ணென்று தெறிப்பது சுகிசுகி (இரண்டு சுகரமும் அதிர்வோடு), சுருக்சுருக்கென்று குத்துவது சிகுசிகு, தோல் எரிவது ஹிரிஹிரி, குமட்டுவது முகமுக.

புதுமாணவி

நன்றி. இத்தெகிமசு, கிதெ இரு இரண்டும் இப்போதுதான் விளங்கின. மரபுத்தொடரிலும் இதேபோல் தமிழ் இணை தேடிக்கொள்ளலாமா? 'கை கழுவுவது' மாதிரி.

பழைய பேனா

தேடலாம், ஆனால் நீங்கள் எடுத்த உதாரணமே பொறி. அவர்கள் கழுவுவது காலை. அஷி ஓ அரத்த, 'காலைக் கழுவினான்' என்றால் திருட்டு, சூது போன்ற கெட்ட வழியை விட்டொழித்தான் என்று பொருள். நம் 'கை கழுவினான்' பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. ஒன்று பாராட்டு, மற்றது வசை. ஹர க தட்ஸு (வயிறு எழும்புகிறது) என்றால் கோபம். நம் வயிற்றெரிச்சலை அதன் மேல் ஏற்றாதீர்கள். உடலுறுப்புத் தொடர்களில் உறுப்பு ஒத்துப்போனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஒத்துப்போகாதவை தொல்லை தருவதில்லை: கஒ க ஹிரொய், முகம் அகலம், நாலு பேரைத் தெரிந்தவர். குபி நி நத்த, 'கழுத்தானது', வேலை போய்விட்டது. மிமி க இதய், காது வலிக்கிறது, சொல்வது உண்மை என்பதால் சுடுகிறது. உண்மையான காதுவலிக்கும் இதே வாக்கியம்தான், சூழல்தான் பிரிக்கும்.

என்-4க்குக் காத்திருக்க வேண்டாம். இவை எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களால் ஆனவை. கி (மனசு, உணர்வு) என்ற ஒரே சொல்லில் தொடங்குங்கள். கி ஓ த்சுகெரு கவனமாக இரு. கி நி சுரு மனசில் போட்டுக் குழப்பிக்கொள்வது. கி நி நரு மனசில் அரித்துக்கொண்டே இருப்பது. கி க அஉ ஒத்துப்போவது. கி க மிஜிகய் முன்கோபம். இங்கே உருபுதான் பொருளை முடிவு செய்கிறது. உருபை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் அட்டையில் எழுதுபவர்கள் சுரு, நரு இரண்டையும் கடைசிவரை மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

அன்றாடம் காதில் விழுவன இன்னும் சில. கொம ஓ சுரு, எள் அரைப்பது, நம் காக்கா பிடிப்பது. சப ஓ யொமு, அயிலை மீனை எண்ணுவது, வயதைக் குறைத்துச் சொல்வது. அபுர ஓ உரு, எண்ணெய் விற்பது, வேலை நேரத்தில் வெட்டிப்பேச்சு. எண்ணெய் பிசுபிசுவென்று மெதுவாக இறங்கும்வரை ஜப்பானின் எடோ காலத்து வியாபாரி வாடிக்கையாளரோடு அரட்டை அடித்ததால் வந்தது என்பார்கள்.

பழமொழியை அறிந்துகொள்ளப் படியுங்கள், பேச அவசரப்படாதீர்கள். சரு மொ கி கர ஒசிரு, குரங்கும் மரத்திலிருந்து விழும். நம் ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் தவறு செய்த மேலாளரைத் தேற்ற இதைச் சொன்னால் அவரைக் குரங்கு ஆக்கிவிடுவீர்கள். நம்மிடம் யானை, அதனால் நமக்கு அந்த உறுத்தல் கிடையாது. நெகொ நி கொபன், பூனைக்குப் பொற்காசு, கழுதைக்குக் கற்பூர வாசனை. இதுவும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாதது. கிணற்றுத் தவளை அப்படியே இருக்கிறது: இ நொ நக நொ கவசு. 'பெருங்கடலை அறியாது' என்ற பின்பாதியைப் பேச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பூ பார்க்கப் போய் தின்பண்டத்தில் கண்ணாயிருப்பவரைக் கிண்டல் செய்ய ஹன யொரி டங்கொ. இது யாரையும் புண்படுத்தாது, தைரியமாகச் சொல்லலாம். (ஹன மூக்கும்தான், பூவும்தான். தோக்கியோ வழக்கில் பின்னால் வரும் 'க' தாழ்ந்தால் பூ, உயர்ந்தே நின்றால் மூக்கு.)

நசகெ வ ஹிதொ நொ தமெ நரசு என்பதை மட்டும் நன்றாகப் பாருங்கள். இரக்கம் பிறருக்காக மட்டும் அல்ல, சுற்றி உன்னிடமே வரும் என்பது பொருள். நரசு பழைய மொழியின் எதிர்மறை. இன்றைய காதுக்கு அது 'பிறருக்கு நன்மையாகாது' என்று கேட்பதால், இரக்கம் காட்டினால் ஆள் கெட்டுப்போவான் என்றே பல ஜப்பானியர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டுக் கலாச்சார முகமையின் 2010-ஆம் நிதியாண்டுக் கணக்கெடுப்பில் சரியாகச் சொன்னவர்களும் தவறாகச் சொன்னவர்களும் ஏறக்குறையச் சமம். நீங்கள் சரியாகவே சொன்னாலும் எதிரில் இருப்பவர் திட்டு என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

திண்ணை

பேனா அண்ணன் சொன்ன உருபு விஷயத்தை அட்டை செய்யும்போது இப்படி வையுங்கள். முன்பக்கம் தமிழில் முழு வாக்கியம்: 'அவன் சொன்னது மனசை அரிக்குது'. பின்பக்கம் ஹிரகானாவில் உருபோடு முழு வாக்கியம், அதன் கீழே 'யாரிடம் சொல்லக்கூடாது' என்று ஒரு வரி. ஆன்கி செயலியில் நாளுக்குப் புதிது பத்துக்கு மேல் விடாதீர்கள். இருபது விட்டால் மூன்றாவது வாரம் மறுபார்வைக்கு வரும் அட்டைகள் குவிந்து, மொத்தத்தையும் கைவிடத் தோன்றும். பார்த்ததும் மனசுக்குள் 'தெரியும்' என்று தள்ளிவிடாமல் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் புரட்ட வேண்டும். உங்கள் 800 சொல்லும் வாயில் வராததற்கு முக்கால்வாசிக் காரணம், அட்டைகள் ஜப்பானியத்திலிருந்து பொருளுக்கு மட்டுமே போவதுதான். அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், திசையை மட்டும் மாற்றுங்கள்.

மாத்திரைக் கணக்கு

வாய்விட்டுச் சொல்லும்போது தட்டவும் மறக்காதீர்கள். 'கித்தெ'க்கு மூன்று.