புதுப்பிப்பு: வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கும் வீட்டுக்கும் ஒரே கேமரா

பறவைகளுக்கும் குழந்தைகளுக்கும் பட்ஜெட் கேமரா கேட்டிருந்தேனுங்க. முடிவு: செகண்ட் ஹேண்ட் கேனான் 1500டி, கூடவே 55-250 எஸ்டிஎம் லென்ஸ். படம் பதியும் சென்சார் பிலிம் அளவைவிட 1.6 மடங்கு சிறிது (1.6 கிராப்), அதனால் 250 எம்எம் முனை 400 எம்எம் லென்ஸ் அளவுக்கு வீச்சு தரும். லென்ஸ் மாற்ற முடியாத பிரிட்ஜ் கேமராவின் ஜூம் இன்னும் எட்டும்தான், ஆனால் பெரும்பாலும் 1/2.3 அங்குலக் குட்டி சென்சார், பொழுது சாய்ந்தால் படம் பொரிபொரியாகிவிடும்.

லென்ஸில் ‘எஸ்டிஎம்’ (சத்தமில்லாத போகஸ் மோட்டார்) எழுத்து இருக்கிறதா பாருங்க. இதே 55-250இன் பழைய ‘ஐஎஸ் டூ’ வகையில் போகஸ் மெதுவு, கரகர சத்தம் வேறு. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பூஞ்சை சிலந்திவலை மாதிரி தெரியும். வால்பாறை ஈரத்தில் கிடந்த லென்ஸ் என்றால் கட்டாயம் பாருங்க.

பறக்கும் நாரைக்கு ஏஐ சர்வோ (நகர்வதை விடாமல் தொடரும் போகஸ்), நடு போகஸ் புள்ளி, ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல். வீட்டுக்குள் குழந்தைகளை எடுக்க 55 எம்எம்மே ரொம்ப நெருக்கம்; 18-55 லென்ஸ் போதும்.