மலைக்கு நடுவுல இவ்ளோ தட்டையான தரை எப்படி?

மண்புழு: ஸ்லோவேனியா சாட்டிலைட் மேப் பாத்துட்டு இருந்தேன், சுத்தி கரடுமுரடா சுண்ணாம்புக்கல் மலை, நடுவுல மட்டும் கேரம் போர்டு மாதிரி சமதளம், ஒரு ஆறு ஒரு ஓரத்துல கிளம்பி மறு ஓரத்துல அப்படியே காணாம போகுது, எப்படிங்க?

கூழாங்கல்: அதான் போல்யே, அங்க பேசுற மொழில வயல்னு அர்த்தம். பெரும்பாலும் பாறைப் பிளவை ஒட்டி தரை இறங்கின இடம். நிலத்தடி நீர்மட்டம் வரைக்கும் கல்லு கரைஞ்சிடுச்சுன்னா தண்ணி அதுக்குக் கீழ போக முடியாம பக்கவாட்டுல அரிக்கும், மேல வண்டல் படிஞ்சு தட்டையாயிடும். ஆத்தை முழுங்குற ஓட்டைக்கு பேரு போனோர்.

நண்டு: ஸ்லோவேனியாவுல இருக்குற செர்க்னிட்சா போல்யே பாருங்க. கனமழைல ஓட்டை முழுங்குறதை விட வரத்து ஜாஸ்தி, 20 சதுர கி.மீ.க்கு மேல ஏரி நிக்கும். வத்தினா அதே இடத்துல புல் அறுப்பாங்க, அதுக்கு முன்னாடி மீன் பிடிச்ச இடம் சார் அது!

மண்புழு: அப்போ ஓட்டைய அடைச்சா ஏரி நிரந்தரமா நிக்குமா?

கூழாங்கல்: செர்க்னிட்சால 1960கள்ல ட்ரை பண்ணாங்க, நிக்கல. ஒண்ண அடைச்சா தண்ணிக்கு வேற ஓட்டை இருக்கே. போஸ்னியா நாட்டோட ஹெர்சகோவினா பகுதில போபோவோ போல்யேல தண்ணி ஓட்டைல இறங்காம இருக்க ஆத்துப் படுகைக்கே கான்கிரீட் போட்டுட்டாங்க, அந்தத் தண்ணில மின்சாரம் எடுக்குறதுக்காக.