நீல பில்டர் போட்டும் தெருவிளக்கு மஞ்சள் போகவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். யாழ் நகருக்குள்ளே இரவில் கமராவை ஸ்டாண்டில் வைத்து போர்ட்ரா 400 என்கிற, பகல் வெளிச்சத்துக்கான கலர் நெகடிவ் பிலிமில் எடுக்கிறேன். 80ஏ என்கிற நீல பில்டர் போட்டால் குண்டு பல்பு எரிகிற பெட்டிக்கடை நல்ல வெள்ளையாக வருகிறது, ஆனால் சோடியம் விளக்குக்குக் கீழே நிற்கிற ஓட்டோவும் மதிலும் செம்மஞ்சளாகவே கிடக்கு. விளக்குகளுக்கு எதிர்மூலையில் தலைகீழாகச் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் வேறு. இதைவிடக் கடும் நீல பில்டர் வாங்கவா?

பதில் 1:
வாங்காதீங்கோ தம்பி. பில்டர் வெளிச்சத்தை வெட்டத்தான் செய்யும், இல்லாத நிறத்தைச் சேர்க்காது. 80ஏ, 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, குறையக் குறைய மஞ்சள்) பல்பு வெளிச்சத்தை 5500க்கு, அதாவது பகல் வெளிச்ச அளவுக்குக் கொண்டுவரச் செய்தது. குறையழுத்த சோடியம் விளக்கில் இருப்பது 589 நானோமீற்றரை ஒட்டிய மஞ்சள் மட்டும்தான், அதில் நீலம் எங்கிருந்து வரும்? உயரழுத்த சோடியம் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் 2000 கெல்வின் பக்கம், முழுதாகத் திருந்தாது.

பதில் 2:
நான் சொல்வது, பில்டரையே கழற்றுங்கோ. 80ஏ 2 ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்கிறது (ஒவ்வொரு ஸ்டொப்பும் பாதியாக்கும்), 400 வேகப் பிலிம் 100 ஆகிவிடும். பில்டரோடு 4 செக்கன் கொடுத்த இடத்தில் இல்லாமலும் அதே 4 செக்கன் கொடுங்கோ. பிலிமில் நீலத்தைப் பதிகிற படைக்குப் போகிற ஒளி கிட்டத்தட்ட அவ்வளவேதான், சிவப்பும் பச்சையும் மட்டும் கூடும், அதைக் கலர் நெகடிவ் தாராளமாகத் தாங்கும், மிச்சத்தை ஸ்கான் பண்ணும்போது சரிப்படுத்தலாம். அந்தப் புள்ளிகளும் பில்டர் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான், கழற்றினால் போய்விடும். சிலைட் பிலிம் (நெகடிவ் இல்லாமல் நேரே படமாக வருவது) என்றால் கதை வேறு, அதற்குப் பில்டர் கட்டாயம்.

கேட்டவர்:
நன்றி அண்ணை. சிலைட்டுக்குப் பில்டர் போடும்போது கமராவின் ஒளி மீற்றர் அதனூடாகத்தானே அளக்கிறது, 2 ஸ்டொப்பைத் திரும்பவும் கூட்டவேணுமா?

பதில் 2:
வேண்டாம். கையில் பிடிக்கிற மீற்றர் என்றால்தான் கூட்டவேணும்.

பதில் 1:
இன்னொன்று. ரியூப்லைற், சோடியம், குண்டு பல்பு மூன்றும் ஒரே படத்துக்குள் வந்தால் ஒன்றைத்தான் திருத்தலாம், ஆள் முகத்தில் விழுகிற வெளிச்சம் எதுவோ அதைப் பிடியுங்கோ. ரியூப்லைற்றின் பச்சைக்கு எப்எல்டி என்கிற ரோஸ் பில்டர் போட்டால் மற்றதெல்லாம் ரோஸ் அடிக்கும். அப்புறம் அதே விளக்கின் கீழே ஒரு வெள்ளைச் சுவரையும் ஒரு பிரேம் எடுத்து வையுங்கோ, நூலகச் சுவர் அதற்கு நல்லது. ஸ்கான் பண்ணுகிறவருக்கு எது வெள்ளை என்று அதைக் காட்டலாம்.