புதுப்பிப்பு: நினைவிழந்த நாயகிக்கு முதல் சந்தேகம் எப்படி வந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: என் காதல் மர்ம நாவலில் விபத்துக்குப் பின் நாயகிக்குப் பழையது எதுவும் நினைவில்லை. சதியின் சூத்திரதாரி தன் கணவனேதான் என்று அவளுக்கு எப்படிப் பொறி தட்டும்? யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

கனவில் பழைய காட்சிகள் வருவதைத்தான் முதலில் எழுதிப் பார்த்தேன். எடுபடவில்லை. தேவைப்படும்போதெல்லாம் கனவு வந்தால் ஆசிரியரின் கை தெரிந்துவிடுகிறது.

கைகொடுத்தது குண்டூசி யோசனைதான். சுவிஸ் உளவியலாளர் கிளாபரேட் 1911இல் எழுதியது: புது நினைவுகள் தங்காத ஒரு பெண்ணோடு கைகுலுக்கும்போது, விரலிடுக்கில் ஒளித்த ஊசியால் குத்தினார். பின்னர் அவளுக்கு அது நினைவில்லை. ஆனாலும் அவர் கை நீட்டியதும் தன் கையை இழுத்துக்கொண்டாள். என் நாயகிக்கு மறந்தது பழைய நினைவு, அதனால் அப்படியே பொருந்தாது. கதைக்கு அவ்வளவு சலுகை எடுத்துக்கொண்டேன். அவன் சங்கிலி மாட்டிவிட வருகிறான், அவள் முகம் சிவக்கிறது, கழுத்து மட்டும் விறைக்கிறது. காதலும் பயமும் ஒரே வரியில்!

எதிர்பாராத அடி வேறிடத்தில். வில்லன் மிடசோலம் என்ற மயக்க மருந்தை ஊசியாகப் போட்டு ஆறு வருட நினைவை அழிப்பதாக எழுதியிருந்தேன். அந்த மருந்து கொடுத்தபின் நடப்பதுதான் மனதில் பதியாது. பழையதை அது அழிக்காது. மூன்று அத்தியாயம் குப்பைக்குப் போனது. இப்போது விபத்துக்குப் பிறகுதான் ஊசி: சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதே அவளுக்குத் தெரியாது. சதி முன்பைவிட இறுக்கமாகிவிட்டது.