தூத்துக்குடிக்கு அணி இல்லை. டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) இனி யார் பக்கம்?

முத்துநகர்:
தூத்துக்குடி பேட்ரியாட்ஸ் இருந்தவரை குழப்பமே இல்லை. முதல் சீசனான 2016லேயே கோப்பை, 2017ல் மறுபடியும் இறுதிப்போட்டி. 2021ல் அந்த அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. பழைய பாசத்தில் சேலத்தையே பிடித்துக்கொள்வதா, பக்கத்து ஊர் என்று நெல்லை ராயல் கிங்ஸ் பக்கம் போவதா? பத்து வயசுப் பையனும் சேர்ந்து பார்ப்பான். வருஷத்துக்கு ஒரு மேட்சாவது நேரில் கூட்டிப் போகணும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கர்நகர் கேலரி:
அண்ணாச்சி, நேரில் போகணும்னு சொல்லிட்டீங்க, அப்புறம் யோசிக்க என்ன இருக்கு? நெல்லைதான். 50 கிலோமீட்டர்தான் தூரம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிஞ்சுக்கோங்க. ஐபிஎல் மாதிரி பாதி மேட்ச் சொந்த ஊர், பாதி வெளியூர் என்ற கணக்கு இங்கே கிடையாது. எட்டு அணியும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். 2025ல் கோவை, சேலம், நெல்லை, திண்டுக்கல் என்று நாலு ஊர்தான். சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச்கூட இல்லை. லீக் சுற்றில் ஒரு அணிக்கு மொத்தமே 7 ஆட்டம். அதனால் அட்டவணை வந்த உடனே நெல்லைச் சுற்று எந்த வாரம், அதில் நெல்லை அணி என்றைக்கு ஆடுதுன்னு பாருங்க. அதைத் தவறவிட்டால் அந்த வருஷம் போச்சு.

பையனோடு போவதென்றால் இரண்டு மேட்ச் நடக்கிற நாளாக எடுங்க. மதிய ஆட்டம் 3.15க்கு ஆரம்பிக்கும். ராத்திரி ஆட்டம் 7.15க்குத் தொடங்கினால் முடிய 11 ஆகிடும். மைதானம் தாழையூத்துப் பக்கம், மதுரை ரோட்டில், ஊருக்கு வடக்கே. புது பஸ் ஸ்டாண்டு தெற்கே இருக்கு. ஊரை முழுசாகக் கடந்துதான் திரும்பணும், அந்நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. வண்டி பேசிக்கொண்டு போவது நல்லது.

ஸ்கோர்புக்:
மைதானத்தை வைத்து முடிவெடுப்பது சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. சேலத்தோடு பழைய பாசம் என்கிறீர்கள். அந்த ஆட்கள் அங்கே இல்லையே. 2017ல் தூத்துக்குடிக்காக 459 ரன் அடித்தவர் வாஷிங்டன் சுந்தர். 2016ல் கோப்பை வாங்கிய அணியின் கௌஷிக் காந்தி 2021ல் சென்னை அணியான சேப்பாக் சூப்பர் கில்லீஸின் கேப்டன். நெல்லையும் ஆதியிலிருந்தே நெல்லை இல்லை: 2016ல் திருவள்ளூர் வீரன்ஸ், 2018ல் காஞ்சி வீரன்ஸ், அதற்குப் பிறகுதான் இந்தப் பெயர். காரைக்குடி காளைதான் இன்றைய திருப்பூர் தமிழன்ஸ். உரிமையாளரோ ஊரோ மாறினால் பெயர் மாறும். இந்தத் தொடரின் அமைப்பு அப்படி.

ஆக, ஏலம் முடிந்ததும் வீரர் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள். 2023ல் முதல்முறை ஏலம் வந்தபோது ஒரு அணி இரண்டு பேரை மட்டுமே தக்கவைக்கலாம், வீரர்களை வாங்கக் கையில் 70 லட்சம். கோவை அதில் 21.6 லட்சத்தை சாய் சுதர்சன் ஒருவருக்கே கொடுத்தது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதே சாய் சுதர்சன் 2025 ஜூனில் இந்திய டெஸ்ட் அணியோடு இங்கிலாந்தில் இருந்தார். அந்த வருஷம் டிஎன்பிஎல் நடந்ததும் ஜூன், ஜூலையில்தான். இந்திய அணிக்குப் போகிறவரை நம்பி அணி பிடித்தால் பையன் ஏமாந்துபோவான். தொடர் முடியும்வரை இங்கேயே இருக்கப்போகிற தொடக்க ஜோடி யார், 17வது ஓவருக்கு மேல் யார் பந்து போடுவார், கேப்டன் போன வருஷத்து ஆள்தானா, இதைத்தான் பார்க்கணும். 2025 இறுதிப்போட்டியில் திருப்பூரின் தொடக்க ஜோடியில் அமித் சாத்விக் 65, துஷார் ரஹேஜா 77. மொத்தம் 220, திண்டுக்கல் 102க்கு ஆல் அவுட். கேப்டன் சாய் கிஷோர், அவரும் முன்னாள் சேப்பாக் ஆள்.

வைகைக்கரை:
ஸ்கோர்புக் சொல்வது சரி, ஆனா பத்து வயசுப் பையனுக்கு ஏலப்பட்டியல் எதுக்குங்க? ஒரு அணியைப் பிடிச்சா மூணு சீசனாவது விடாமல் பாருங்க. மதுரை முதல் ரெண்டு வருஷம் பட்டியலின் அடியில் கிடந்தது. 2018ல் கோப்பையே வாங்கிடுச்சு. அந்த அணியின் வருண் சக்கரவர்த்தி அந்த சீசனில்தான் எல்லார் கண்ணிலும் பட்டார், டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். தோற்ற வருஷங்களில் விட்டுப் போனவங்களுக்கு அந்த சந்தோஷம் கிடைக்கலை.

நெல்லையை எடுத்தால் பையனிடம் 2023ஐயும் சொல்லிவிடுங்க. சொந்த மைதானத்திலேயே இறுதிப்போட்டி, கோவையிடம் 104 ரன்னில் தோல்வி.

முத்துநகர்:
நன்றி. நெல்லை என்றே வைத்துக்கொள்கிறோம். மற்ற மேட்ச்களை எதில் பார்ப்பது? நெல்லைக்கும் சேலத்துக்கும் மேட்ச் வந்தால்?

சங்கர்நகர் கேலரி:
2025ல் டிவியில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ், மொபைலில் ஃபேன்கோட். சேலத்தோடு லீக்கில் ஒரே ஒரு மேட்ச்தான் வரும், அன்றைக்கும் நெல்லைதான் அண்ணாச்சி, பையனுக்குக் குழப்பம் வரக்கூடாது. நேரில் வரும்போது ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்துடுங்க. வீரர்கள் கேட்ச் பயிற்சி எடுப்பதைப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் இங்கே மேல்காற்று பலமாக அடிக்கும்; உயரே போன பந்து காற்றில் எப்படி இழுக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுடும். தொப்பி பறந்துடும், கயிறு வெச்ச தொப்பியா வாங்கிக் கொடுங்க.