தீ மூண்ட இடங்களைப் புள்ளி வைத்தபோது

காட்டுத்தீ அணைக்கும் குழுவோடு ஒரு கோடை முழுக்கத் தன்னார்வலராகச் சுற்றினேன். நெருப்போடு மல்லுக்கட்டப் போகிறோம் என்று நினைத்தால், முதல் வாரம் கையில் கிடைத்தது பென்சிலும் வரைபடமும்தான். முந்தைய வருடங்களில் தீ மூண்ட இடங்களை அதில் குறிக்க வேண்டும். வைக்க வைக்கப் புள்ளிகள் கோடாகத் திரண்டன. காட்டுச் சாலை, ஒற்றையடிப்பாதை, கூடாரம் போடும் இடம், மின்கம்பி போகும் தடம். ஆள் நடமாட்டமில்லாத உட்காட்டில் அங்கொன்றும் இங்கொன்றும், அவையும் பெரும்பாலும் மின்னலால் வந்தவை.

அப்புறம் நேரிலும் பார்த்தேன். இரவில் குளிர்காயப் போட்ட நெருப்பை யாரோ மண்ணள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே சில்லென்று இருந்தது. குச்சியால் கிளறினால் அடியில் செக்கச்செவேலென்று கங்கு. மண் அதை அணைக்கவில்லை, பொத்தி வைத்திருந்தது. மதியக் காற்று கொஞ்சம் கிளப்பினால் போதும், பக்கத்தில் சருகு காத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையில் சூடே தெரியாமல் போகும்வரை நகராதே என்றார் குழுத்தலைவர். காய்ந்த புல்மேல் வண்டி நிறுத்துவதும் இதே கதைதான். சைலன்சர் சூட்டுக்குத் தீப்பெட்டி வேண்டாம்.

அன்றிலிருந்து, காட்டுக்குள் ஆளே போகக் கூடாது என்கிற கட்சி நான்.

*

(மேலே உள்ளதைப் படித்த இன்னொருவரின் பதில்.) உங்கள் கட்சியில் நான் பாதிதான். மின்னல் தீ ஒன்றைத் தேடிப் போனவன் நான். புகை தெரிந்தது, வழிதான் இல்லை. பழைய வண்டித்தடத்தை எப்போதோ கைவிட்டிருந்தார்கள். புதரை வெட்டி, விழுந்த மரங்களை அறுத்துப் போய்ச் சேர்வதற்குள் ஒற்றை மரத்துத் தீ சரிவு முழுக்கப் பரவிவிட்டது.

அமெரிக்கக் கணக்கு ஒன்று இதோடு பொருந்துகிறது. 1992 முதல் 2012 வரை அங்கே அரசுத் துறைகள் அணைக்கவோ கையாளவோ வேண்டியிருந்த காட்டுத்தீகளில் 84 சதவீதம் மனிதரால் மூண்டவை. எரிந்த பரப்பில் அவற்றின் பங்கு 44 சதவீதம்தான். பாதையோரத் தீ சீக்கிரம் கண்ணில் படும், தீயணைப்பு வண்டியும் போய்ச் சேர்ந்துவிடும். (எப்போதும் இல்லை. பலத்த காற்றில் மின்கம்பி அறுந்து பிடித்த தீ ரோட்டோரத்தில் பிறந்தாலும் அடங்காது.) ஆனால் அதே கணக்கில் உங்கள் பக்கமும் உண்டு: மனிதரால் தீக்காலம் அங்கே மூன்று மடங்கு நீண்டிருக்கிறது. மின்னலுக்குப் பருவம் உண்டு, நமக்கு ஏது?

காய்ந்த மாதங்களில் நாங்கள் பாதையில் யாரையும் விடுவதில்லை. தடத்தை மட்டும் செதுக்கி வைக்கிறோம். போன வாரம் முழுக்க அதன் இரு ஓரத்திலும் சருகு வாரினோம். முதுகு இன்னும் நிமிரவில்லை.